அண்ணன் பார்த்துக்கொள்வார்

பரமசிவம் ஏணியிலிருந்து விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிங்கப்பூரின் ஜூரோங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் கூரையில் ஏர்கான் பழுது பார்க்கப் போனவன், முதுகுத்தண்டு நகர்ந்து ஆஸ்பத்திரியில் படுத்தான். ஆறு பேரை வைத்துச் சொந்தமாக நடத்திய சர்வீஸ் தொழில் அவன் படுக்கையில் கிடந்தபோதே கைவிட்டுப் போனது. வேன்களை விற்றான். ஆட்களை அனுப்பினான். நடக்க ஆரம்பித்த பிறகும் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டுக் கடன் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்றே சிவகாமசுந்தரி நம்பிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கடன், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அவன் பொறுப்பு. பாலர் பள்ளியில் ஆசிரியை வேலை பார்க்கும் அவளுடைய சம்பளம் சாப்பாட்டுக்கும் மகள் வர்ஷாவின் படிப்புக்கும். “பேங்க் கட்டுறதுக்கெல்லாம் என்னங்க பண்றீங்க?” என்று அவள் கேட்டபோதெல்லாம், “சேத்து வெச்சது இருக்கு சுந்தரி, நீ கவலைப்படாத” என்றுதான் அவன் சொன்னான்.

ஒரு நாள் பள்ளியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அவளுடைய கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. பேங்கிலிருந்து ஒரு ஆள். வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயரும் இருப்பதால் அவளுக்கும் சொல்ல வேண்டியது கடமை என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னான். தவணை நின்று பல மாதமாகிறது. இப்படியே போனால் பேங்க் வீட்டை எடுத்து ஏலத்துக்கு விடும். சுந்தரி சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள். எதிரே பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டி ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவள், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

“பேங்க்ல கூப்டாங்க. நீங்க கட்டவே இல்லையாமே?”

பரமசிவம் தொலைக்காட்சியை அணைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“தியாகு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். அவர் பாத்துக்கிறேன்னு சொன்னார்.”

“எப்ப சொன்னீங்க?”

“அது ஆச்சு, தீபாவளிக்கு முன்னாடியே.”

வீடு போகப்போகிறது என்பதைவிட அவளைக் குத்தியது அதுதான். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, தீபாவளிக்குப் பலகாரம் செய்து, பொங்கலுக்குப் பால் பொங்கவைத்து, இத்தனை நாளும் அவளிடம் சொல்லாத ஒன்றை வெளியாள் ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்.

வெளியாள் என்று தியாகராசாவைச் சொல்லிவிடவும் முடியாது. யாழ்ப்பாணத்துப் பரம்பரை, ஆனால் அவருடைய தாத்தா காலத்திலேயே சிங்கப்பூரில் வேர் விட்ட குடும்பம். பேங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் நிர்வாகக் குழுவில் கணக்கு வழக்கெல்லாம் அவர்தான். சட்டை எப்போதும் இஸ்திரி போட்டபடி இருக்கும். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பரமசிவம் தொழில் தொடங்கியபோது கூட நின்று கடன் வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்தபோது மகள் மயூரா தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண் பள்ளி விட்டதும் நேரே சுந்தரி வீட்டுக்குத்தான் வருவாள். இங்கேதான் சாப்பாடு, வீட்டுப்பாடம், வர்ஷாவோடு சண்டை, தூக்கம் எல்லாம். வேலை முடிந்து தியாகராசா வந்து கூட்டிப்போவார். பல நாள் அவரும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போவார். அப்படிப்பட்ட மனிதர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

மறுநாளே அவர் வந்தார். செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டுவிட்டு, தன்னுடைய வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, பயப்படாத. நான் பேங்க்ல இருந்தவன், அவங்க எப்படி யோசிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். மேலதிகாரிங்ககிட்ட பேசிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணே ஒண்ணு, அவங்க போன் பண்ணா எடுக்காதீங்க. நீங்க ஒரு வார்த்தை தப்பா சொன்னாலும் அதைப் புடிச்சுக்குவாங்க. கதவைத் தட்டினாலும் பேசாதீங்க. எல்லாம் என்கிட்ட விடுங்க.”

“வேற யார்கிட்டயாவது கேக்கலாமாண்ணே? சமூக மன்றத்துல எம்பியோட மக்கள் சந்திப்பு நடக்குதே, அங்க போய்...”

“அங்க போனா வரிசையில நிக்கணும். நம்ம ஆளுங்க நாலு பேரு பாப்பாங்க. நாளைக்குக் கோயில்ல பேச்சா வரும். பரமுவுக்கு அது தேவையா?”

பரமசிவம் தலையை ஆட்டினான். அவனுக்கு அது தேவையில்லைதான். சுந்தரியும் விட்டுவிட்டாள்.

பேங்கிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எண்ணைப் பார்த்ததும் சுந்தரி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். கதவில் யாராவது மணி அடித்தால் வர்ஷாவைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வாள். சொந்த வீட்டுக்குள்ளேயே திருடர்களைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு வாரமும் தியாகராசா வந்து, “பேசிட்டிருக்கேன், கொஞ்சம் இழுக்குது” என்பார். சுந்தரி அவருக்கு டீ போட்டுக் கொடுப்பாள்.

கடைசியில் பேங்கின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. தியாகராசா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இனிமே தள்ளிப்போட முடியாது. ஆனா நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி நாமளே வித்துடுவோம். நல்ல குடும்பம் ஒண்ணு கேக்குறாங்க. விலை கொஞ்சம் குறைச்சல்தான்.”

அவர் சொன்ன விலையைச் சுந்தரி இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அது வீட்டுக்குள்ளேயே மாடிப்படி வைத்த இரண்டு அடுக்கு வீடு. இப்போதெல்லாம் அரசாங்க வீடமைப்புக் கழகமான எச்டிபி அப்படிக் கட்டுவதே இல்லை. பக்கத்து பிளாக்கில் விற்றவர்கள் வாங்கிய தொகை அவளுக்குத் தெரியும்.

“ரொம்பக் கம்மியா இருக்கேண்ணே?”

“தங்கச்சி, ஒரு பிளாக்ல எந்த இனத்துக்கு எத்தனை வீடுன்னு அரசாங்கக் கணக்கு இருக்குல்ல, உங்க பிளாக்ல சீனர்களோட ஒதுக்கீடு நிறைஞ்சு போச்சு. சீனர்களுக்கு விக்க முடியாது. வாங்க வர்றவங்களே கொஞ்சம் பேரு. ஏலத்துல விட்டா இதுலயும் பாதிதான் வரும். இந்த விலைக்குக் கடனாவது அடையும். அது போதும்னு நினைச்சுக்கோ.”

ஒதுக்கீட்டைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். அதனால் மற்றதும் உண்மையாகவே இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விற்பனைப் பத்திரத்தோடு வருவதாகவும், இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தாண்டு விழாவுக்குத் தோரணம் வாங்கச் சுந்தரி தேக்கா கடைவீதிக்குப் போயிருந்தாள். சிராங்கூன் சாலையில் புடவைக் கடை ஒன்றின் வாசலில் யாரோ பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். மயூரா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கை நிறையப் பைகள். பக்கத்தில் அவளுடைய மாப்பிள்ளை சுஜீந்திரன் இன்னும் நாலு பைகளோடு நின்றான்.

“ஆன்ட்டி! உங்களைப் பாக்க வரணும்னு நினைச்சுட்டே இருந்தேன். அப்பாதான், எல்லாம் முடியட்டும், அதுவரைக்கும் போகாதன்னு சொன்னாரு. எனக்கு எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியல.”

“எதுக்கும்மா?”

“வீட்டுக்குத்தான். எங்களுக்கே குடுக்கணும்னு நீங்களும் அங்கிளும் சொன்னீங்களாமே. வேற யாராவது கேட்டா இன்னும் ஜாஸ்தி கிடைக்கும், இருந்தாலும் மயூராவுக்குத்தான்னு சொன்னீங்களாம். அப்பா சொன்னப்ப நான் அழுதுட்டேன் ஆன்ட்டி.” அவள் கண் அப்போதும் கலங்கித்தான் இருந்தது. “சுஜீ செங்காங்ல புது வீடு பாக்கலாம்னாரு. நான்தான் முடியவே முடியாதுன்னுட்டேன். மாடியில நானும் வர்ஷாவும் படிச்ச ரூம் இருக்குல்ல, அதை அப்படியே வெச்சுக்குவேன். பெயிண்ட்கூட மாத்தமாட்டேன்.”

சாலையில் பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. சுந்தரி சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளுக்கே விளங்கவில்லை. “சந்தோஷமா இரும்மா” என்று சொல்லி மயூராவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, தோரணம் வாங்காமலே நடந்தாள்.

தேக்கா சந்தைக்குள் போய் ஒரு மேசையில் உட்கார்ந்தாள். பால் சேர்க்காத தே ஓ டீ ஒன்று சொன்னாள், வந்தது, குடிக்கவில்லை. வாங்குவது மயூரா என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒருவேளை பரமசிவத்துக்குச் சங்கடமாக இருக்கும் என்று மறைத்திருக்கலாம். பேங்கிடம் பேசிப் பார்த்து, ஒன்றும் நடக்காமல் போய், வேறு வழியில்லாமல் தன் மகளையே வாங்கச் சொல்லியிருக்கலாம். உதவியாகத்தான் செய்கிறாரோ? அவருக்காக அவளே காரணம் தேடித் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படியே இருந்தாலும், கூடுதலாகக் கிடைப்பதை வேண்டாமென்று தாங்கள் சொன்னதாக அந்தப் பெண்ணிடம் ஏன் பொய் சொன்னார்? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் எழுந்து எம்ஆர்டி ரயில் ஏறி நேராக பேங்குக்குப் போனாள்.

முகப்பில் இருந்தவர்கள் அவளை வீட்டுக் கடன் பிரிவில் முனீரா என்ற அதிகாரியிடம் அனுப்பினார்கள். முக்காடு போட்ட இளம்பெண். பெயரைக் கேட்டதும் கணினியைப் பார்த்தாள், பிறகு சுந்தரியைப் பார்த்தாள். தமிழிலேயே பேசினாள்.

“ஒருவழியா வந்துட்டீங்களே மேடம். உங்களை நாங்க எத்தனை தடவ கூப்டிருக்கோம் தெரியுமா?”

“எங்களுக்காக ஒருத்தர் பேசிட்டிருந்தாரே. தியாகராசான்னு. உங்க மேலதிகாரிங்ககிட்ட.”

முனீரா மறுபடி திரையைப் பார்த்தாள். மெதுவாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“யாரும் பேசல மேடம். உங்க சார்பா ஒரு போன்கூட வரல. வந்திருந்தா இதுல இருக்கும்.”

“நல்லாப் பாருங்கம்மா.”

“பாத்துட்டேன். முதல் தவணை நின்னப்பவே வந்திருந்தா, கொஞ்ச நாளைக்கு வட்டி மட்டும் கட்டுற மாதிரி மாத்திக் குடுத்திருப்போம். உங்க வீட்டுக்காரருக்கு விபத்துதானே? டாக்டர் பேப்பர் இருந்தாப் போதும், அதுக்கெல்லாம் வழி இருக்கு. மேல் மாடியை வாடகைக்கு விட்டாவது சமாளிச்சிருப்பீங்க. ஏன் மேடம் யாருமே போனை எடுக்கல?”

எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். சுந்தரியின் வாய் வரை வந்தது அது. சொல்லவில்லை. அதைச் சொன்னால் எவ்வளவு பெரிய முட்டாளாகத் தெரிவோம் என்ற வெட்கம் தடுத்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முனீரா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுந்தரி அழுது முடித்துத் தண்ணீரைக் குடிக்கும்வரை காத்திருந்தாள்.

“இப்பவும் ஒண்ணு பண்ணலாம்” என்றாள் பிறகு. “கடனைப் பழையபடி ஆக்குறது கஷ்டம். ரொம்பத் தள்ளிப் போயிடுச்சு. ஆனா நீங்களே வீட்டை விக்கிறதா இருந்தா டைம் கேட்டு எழுதிக் குடுங்க, மேல நான் பேசறேன். கடன் ஆலோசனை குடுக்குறவங்க இருக்காங்க, உங்க சமூக மன்றத்துலயே மாசாமாசம் வக்கீலுங்க காசு வாங்காம ஆலோசனை சொல்றாங்க, அங்க போங்க. அதுக்கு முன்னாடி எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. சரியா?”

சுந்தரி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பரமசிவத்திடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும், “அண்ணன் அப்படிச் செய்யமாட்டாரு. நீ சரியாக் கேட்டிருக்கமாட்ட” என்றான். அவள் வர்ஷாவுக்குச் சாப்பாடு போட எழுந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை தியாகராசா வந்தார். பத்திரத்தை மேசைமேல் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது.

“அண்ணே, பேங்க்ல யார்கிட்ட பேசினீங்க?”

“அதான் சொன்னேனே தங்கச்சி, மேல இருக்கிறவங்ககிட்ட.”

“பேரு?”

“பேரு சொன்னா உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணே. நான் போய்ட்டு வந்துட்டேன். மயூராவையும் தேக்காவுல பாத்தேன்.”

அவர் பரமசிவத்தைப் பார்த்தார். பரமசிவம் தரையைப் பார்த்தான். பிறகு தியாகராசா பெருமூச்சு விட்டார். மாட்டிக்கொண்டவரைப் போல அவர் முகம் இல்லை. அலுத்துப் போனவரைப் போல இருந்தது.

“சரி, பேசல. பேசி என்ன ஆகப்போகுது? பரமுவால இனி சம்பாதிக்க முடியுமா? இன்னிக்கில்லன்னா நாளைக்கு, போற வீடுதானே இது. யாரோ ஒருத்தன் வாங்குறதுக்கு என் புள்ள வாங்கினா என்ன? அவ அம்மா செத்தப்புறம் அவ சிரிச்சதே இந்த வீட்லதான். வேற வீட்டைக் காட்டினா திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கிறா. மார்க்கெட் விலைக்கு வாங்க என்கிட்டயோ அந்தப் பையன்கிட்டயோ காசு இல்ல. நான் என்ன செய்யட்டும்?”

“போற வீடு இல்லண்ணே. நீங்க போகவெச்ச வீடு.”

“சுந்தரி, வார்த்தையை விடாத.”

“என் கையால அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கேன். அவளுக்கு இந்த வீடு வேணும்னு என்கிட்ட வந்து கேட்டிருந்தா, நாங்க வேற வழி யோசிச்சிருப்போம். விலையைக் குறைச்சுக்கூடக் குடுத்திருப்பேன். நீங்க கேக்கல. நாங்க முழுகுறவரைக்கும் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தீங்க.”

தியாகராசா எழப்போகிறவரைப் போல நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அப்போது பரமசிவம் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

“சுந்தரி, போதும். அண்ணனுக்கு டீ போடு.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னான். வீடு கையைவிட்டுப் போகும் அந்த நேரத்திலும், இந்த மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடக்கூடாது என்பதுதான் அவன் பயம். அதைப் புரிந்துகொண்டபோது, எதிரில் உட்கார்ந்திருந்தவர் செய்ததுகூட அவளுக்குச் சின்னதாகத் தெரிந்தது.

அவள் பத்திரத்தை எடுத்துத் தியாகராசாவின் கையில் கொடுத்தாள். “கிளம்புங்கண்ணே” என்றாள். அவர் போகும்போது கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார், இத்தனை வருஷமும் செய்தது போலவே.

அதற்குப் பிறகு எல்லா அலைச்சலும் அவளுடையதுதான். சமூக மன்றத்தில் நெகிழி நாற்காலியில் வரிசையில் உட்கார்ந்தாள். தெரிந்த முகங்கள் பார்க்கத்தான் செய்தன. பக்கத்து பிளாக் சங்கீதா அருகில் வந்து உட்கார்ந்து, “எங்களுக்கும் போன வருஷம் இதே கதிதான்கா. அந்தக் கண்ணாடி போட்ட வக்கீல்கிட்ட போங்க, அவர் நல்லாச் சொல்வாரு லா” என்றாள். இத்தனை நாள் எந்தப் பேச்சுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்களோ, அந்தப் பேச்சு கடைசியில் இவ்வளவுதான்.

கண்ணாடி போட்ட வக்கீல் பேங்குக்கு எழுதினார். முனீரா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். பேங்க் விற்பதற்கு அவகாசம் கொடுத்தது. இன ஒதுக்கீட்டால் வாங்குபவர்கள் எளிதில் அமையவில்லை. வந்தவர்கள் அவசரத்தை மோப்பம் பிடித்து விலையைக் குறைத்தார்கள். அவகாசம் முடியும் தறுவாயில் ஒரு மலையாளிக் குடும்பம் நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டது. கடன் போக மிஞ்சியதில் சுவா சூ காங்கில் பழைய மூவறை வீடு ஒன்று வாங்க முடிந்தது. தியாகராசா சொன்ன விலைக்குக் கொடுத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது, வாடகை வீடுதான். பரமசிவத்துக்கு ஒரு கட்டட நிர்வாக நிறுவனத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. அவன் இப்போது சம்பளச் சீட்டை அவளிடம் கொடுத்துவிடுகிறான். அவள் வாங்கி வைத்துக்கொள்கிறாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மயூரா ஒரு நாள் பாலர் பள்ளி வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“எனக்குத் தெரியாது ஆன்ட்டி. சத்தியமாத் தெரியாது.”

“தெரியும்மா. நீ பொய் சொல்லமாட்ட.”

“அப்பாகிட்ட நான் பேசறதே இல்ல. நாங்க செங்காங்லயே வீடு பாத்துக்கிட்டோம். ஆன்ட்டி, கல்யாணத்துக்கு மட்டும் நீங்க வரணும். எனக்கு அம்மா இடத்துல நிக்க வேற யாரும் இல்ல.”

பழைய சுந்தரியாக இருந்தால் அவளை இழுத்து அணைத்திருப்பாள். இப்போது கை எழவில்லை. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் தகப்பனின் சாயல் இருந்தது. இதற்குமுன் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

“வரேன்” என்றாள்.

கல்யாணம் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. சுந்தரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பரமசிவத்தோடும் வர்ஷாவோடும் போனாள். மயூராவுக்குத் தலையில் பூ வைத்துவிட்டாள். மணவறையில் அம்மா செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி, ஒன்றும் குறையாமல் செய்தாள். தாலி ஏறும்போது மயூரா அவளைத் தேடித் திரும்பினாள். சுந்தரி தலையை அசைத்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டினாள். அட்சதை போட்டாள்.

சாப்பாட்டுக்கு ஆட்கள் எழுந்தபோது தியாகராசா கை கூப்பியபடி அவர்கள் முன்னால் வந்தார். மெலிந்திருந்தார். வேட்டி மட்டும் அதே இஸ்திரிதான்.

“தங்கச்சி, வந்ததே பெரிய விஷயம். வா, சாப்பிடலாம். பரமு, வாப்பா.”

“மயூராவுக்காக வந்தேண்ணே. அவளுக்குச் செய்ய வேண்டியது முடிஞ்சுது” என்றாள் சுந்தரி. குரலில் கோபமில்லை. “நாங்க கிளம்புறோம்.”

அவள் படியிறங்கினாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் வர்ஷா மட்டும்தான் வந்துகொண்டிருந்தாள். மேலே, பந்தி நடக்கும் கதவருகே, பரமசிவம் தியாகராசாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவர் அவன் தோளில் கை போட்டிருந்தார். அவன் அதை எடுத்துவிடவில்லை. ஒரு நிமிஷம் சுந்தரியைப் பார்த்தான். பிறகு அவரோடு உள்ளே போய்விட்டான்.

“அப்பா வரலயாம்மா?” என்றாள் வர்ஷா.

“சாப்ட்டு வருவாரு. உனக்குப் பசிக்குதா?”

“ரொம்ப.”

இருவரும் பட்டுப்புடவையோடு வெயிலில் நடந்து சாலையைக் கடந்தார்கள். முதலில் தென்பட்ட சாப்பாட்டுக் கடையில் ஏறி உட்கார்ந்து, வாழையிலை போடச் சொன்னாள் சுந்தரி. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கைப்பேசி மணி அடித்தது. பரமசிவம். அவள் இடதுகையால் எடுத்து, “நாங்க சாப்ட்டுட்டு இருக்கோம். நீங்க வீட்டுக்கு வந்துடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு வர்ஷாவுக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னாள்.